கருப்பு வெள்ளைப் படம் ஏன் பச்சை அடிக்கிறது? இங்க்ஜெட் பிரிண்டர் செட்டிங், ஆரம்பத்திலிருந்து

எங்கள் அப்பாரு (தாத்தா) சாம்பல் நிற மயிலைக் காளை ஒன்றின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் எடுத்தது, கருப்பு வெள்ளை, உள்ளங்கை அளவுதான் இருக்கும். புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டலாம் என்று ஸ்கேன் செய்து, முந்தின நாள் ராத்திரி வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் பளபளப்பான போட்டோ பேப்பரில் போட்டேன். ஹாலின் மஞ்சள் விளக்கில் காளையின் திமில் லேசாகச் சிவந்து தெரிந்தது, சரி பழைய படம்தானே என்று விட்டுவிட்டேன். காலையில் திண்ணைக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பார்த்தால் அதே திமில் பச்சை அடிக்கிறது. இத்தனைக்கும் செட்டிங்கில் கருப்பு வெள்ளையாக அடிக்கச் சொல்லும் 'கிரேஸ்கேல்' டிக் செய்துதான் போட்டிருந்தேன்.

கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கலரிலேயே போடு, கிரேஸ்கேலில் மட்டும் போடு, குவாலிட்டியை ஹையில் வை, ஒரிஜினல் மை ஊற்று. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் எது எப்போது பொருந்தும் என்று யாரும் சொல்வதில்லை. காரணம், இந்தச் செட்டிங் ஒவ்வொன்றும் உள்ளே என்ன செய்கிறது என்பதைப் பார்க்காமலே பேசுகிறோம். அது புரிந்துவிட்டால் எதை டிக் செய்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். பிரிண்டர் பற்றி ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன்.

பிரிண்டரிடம் சாம்பல் நிறம் கிடையாது

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு 'கிரே மெலாஞ்ச்' துணி தெரியாமல் இருக்காது. அந்தத் துணியைச் சாம்பல் சாயத்தில் முக்கி எடுப்பதில்லை. கருப்புச் சாயம் ஏற்றிய பஞ்சை வெள்ளைப் பஞ்சோடு கலந்து நூலாக நூற்கிறார்கள். பனியனைக் கண்ணருகே கொண்டு வந்து பார்த்தால் கருப்பு இழையும் வெள்ளை இழையும் தனித்தனியாகத் தெரியும், நாலடி தள்ளிப் போனால் சாம்பல். சென்னிமலைப் பக்கம் தறியில் கருப்புப் பாவும் வெள்ளை ஊடையும் போட்டு நெய்தாலும் இதே கதைதான். கலப்பது நம் கண்.

இங்க்ஜெட் பிரிண்டரும் இதைத்தான் செய்கிறது. நம் வீடுகளில் இருக்கும் சாதாரணப் பிரிண்டரில் நாலு மை: சயான் என்கிற வெளிர்நீலம், மஜெந்தா என்கிற ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கருப்பு. சாம்பல் என்று ஒரு மை அதில் இல்லை, வெள்ளையும் இல்லை, வெள்ளை என்பது பேப்பர்தான். ஆகவே இளஞ்சாம்பல் வேண்டுமென்றால் துளிகளை அங்கொன்று இங்கொன்றாகத் தெளிக்கிறது, அடர் சாம்பல் வேண்டுமென்றால் நெருக்கித் தெளிக்கிறது. புள்ளிகளின் நெருக்கத்தாலோ அளவாலோ சாயலைக் காட்டும் இந்த வித்தைக்கு ஹாஃப்டோன் என்று பெயர். பழைய செய்தித்தாள் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தால் அந்தப் புள்ளி வரிசை நினைவிருக்கும். இங்க்ஜெட்டில் புள்ளிகள் வரிசையாக நிற்காமல் சிதறிக் கிடக்கும், மற்றபடி தத்துவம் ஒன்றே.

துளி எவ்வளவு சின்னது? அதை அளக்கும் அலகு பிகோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. நம் ஊர் ஸ்டுடியோக்களில் நிறையப் பேர் வைத்திருந்த எப்சன் எல்805 மாதிரியான போட்டோ பிரிண்டரில் மிகச் சிறிய துளி 1.5 பிகோலிட்டர். அவ்வளவு சின்னதாக இருப்பதால்தான் கையில் வைத்துப் பார்க்கும்போது புள்ளி தெரியாமல் சாயல் மட்டும் தெரிகிறது.

சாம்பலை உண்டாக்க இரண்டு வழி

எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் வழி, கருப்பு மையை மட்டும் தெளிப்பது. மெலாஞ்ச் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் பச்சை, சிவப்பு என்று ஏதும் அடிக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் கலர் மை உள்ளே வரவே இல்லை. அந்தக் கருப்பு மைக்கே இருக்கும் லேசான சாயல் மட்டும் தெரியும், பெரும்பாலும் சற்றே பழுப்பாக. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. வெளிச்சமான இடங்களில், அதாவது முகத்தில், வேட்டியில், வானத்தில், வெள்ளைப் பேப்பர் மேல் கருப்புப் புள்ளி தூரம் தூரமாக விழும்போது அரிசி மாவில் மிளகுத்தூள் விழுந்த மாதிரி பொரிப்பொரியாகத் தெரியும்.

இரண்டாவது வழி, சயானையும் மஜெந்தாவையும் மஞ்சளையும் சரியான அளவில் கலந்து சாம்பலாக்குவது, அதோடு தேவைக்குக் கொஞ்சம் கருப்பு. இதைக் கூட்டுச் சாம்பல் என்று சொல்லலாம். வெளிர் புள்ளிகள் நிறைய விழுவதால் பொரி தெரியாது, முகம் வழவழவென்று இருக்கும். சாயப்பட்டறைக்காரர்களிடம் கேட்டால் இதில் இருக்கும் ஆபத்தைச் சொல்வார்கள். மூன்று சாயம் கலந்து சாம்பல் ஷேட் பிடிப்பதைப் போலச் சிரமமான வேலை வேறு இல்லை. சிவப்புத் துணியில் சிவப்பு கொஞ்சம் கூடினால் யார் கண்ணிலும் படாது. சாம்பலில் ஒரு சாயம் இம்மி கூடினாலும் குறைந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மஜெந்தா குறைந்தால் பச்சை அடிக்கும், மஞ்சள் குறைந்தால் நீலம் அடிக்கும், சயான் குறைந்தால் சிவப்பு அடிக்கும்.

அப்புறம் விளக்குச் சங்கதி. நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பார்ப்பதால் இது எனக்குத் தினசரி வேலை. வாங்குபவர் அனுப்பிய ஷேடும் நம் லேப் டிப்பும் (சோதனைக்குச் சாயம் ஏற்றிய சின்னத் துணித் துண்டு) ஒன்றாக இருக்கிறதா என்று லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்போம். பகல் வெளிச்சத்துக்கு டி65 விளக்கு, கடை வெளிச்சத்துக்கு டி.எல்.84 விளக்கு, அப்புறம் மஞ்சள் குண்டு பல்பு. டி65-இல் இரண்டும் ஒன்றாக இருக்கும், விளக்கை மாற்றினதும் ஒன்று சிவந்துவிடும். ஒரு விளக்கில் பொருந்தி இன்னொரு விளக்கில் பொருந்தாமல் போகும் இந்தக் குணத்துக்கு மெட்டமெரிசம் என்று பெயர். அப்பாருவின் காளை ராத்திரி சிவந்ததும் காலையில் பச்சை அடித்ததும் இதேதான். மூன்று மையைக் கலந்து செய்த சாம்பல் அது, விளக்கு மாறினதும் மூன்றும் வேறு வேறு அளவில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன, நடுநிலை கெட்டுவிடுகிறது. துணியில் ஒவ்வொரு நாளும் பார்க்கும் ஒன்றைப் பேப்பரில் பார்த்தபோது அடையாளம் கண்டுகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இதுவரை பார்த்தது: பிரிண்டர் சாம்பலைப் புள்ளிகளால் உண்டாக்குகிறது. கருப்பு மட்டும் என்றால் நிறம் நிலையாக இருக்கும், பொரி தெரியும். கூட்டுச் சாம்பல் என்றால் வழவழப்பாக இருக்கும், நிறம் சாய்வதற்கு வாய்ப்பு உண்டு. இனி வரும் செட்டிங் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதைப் பற்றியதுதான்.

'கிரேஸ்கேல்' டிக் செய்தும் எனக்கு ஏன் பச்சை அடித்தது

கிரேஸ்கேல் என்றால் கருப்பு மை மட்டும் போகும் என்றுதான் நானும் நினைத்தேன், கிட்டத்தட்ட எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். அந்த டிக் படத்திலிருந்து கலரை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான் அதில் உறுதி. எடுத்த பிறகு கிடைக்கும் சாம்பலை எந்த மையால் அடிப்பது என்பதைப் பேப்பர் வகையைப் பார்த்துப் பிரிண்டரே முடிவு செய்கிறது.

ஏன் பேப்பரைப் பார்க்கிறது? மையில் இரண்டு இனம் உண்டு. ஒன்று டை மை, தண்ணீரில் முழுதாகக் கரைந்த சாயம், பேப்பர் பூச்சுக்குள் இறங்கிவிடும். இன்னொன்று பிக்மெண்ட் மை, கரையாத நுண்ணிய பொடி, மேலேயே உட்காரும். துணியில் சாயம் ஏற்றுவதற்கும் மேலே பிக்மெண்ட் பிரிண்ட் அடிப்பதற்கும் இருக்கும் வித்தியாசம்தான். எழுத்து கூர்மையாக விழ வேண்டும் என்பதற்காகப் பல வீட்டு, ஆபீஸ் பிரிண்டர்களில் கருப்பு மட்டும் பிக்மெண்ட், மற்ற மூன்றும் டை. சாதாரணப் பேப்பருக்கு அந்தக் கருப்பு அருமையாக இருக்கும். பளபளப்பான போட்டோ பேப்பரில் அது இறங்காது, மேலே நின்று கைபட்டால் ஈஷிவிடும். ஆகவே 'குளோஸி' என்று நாம் தேர்ந்தெடுத்ததும் இப்படிப்பட்ட பிரிண்டர் கருப்பு மையை மூடி வைத்துவிட்டு மற்ற மூன்றிலும் சாம்பலைக் கலக்க ஆரம்பிக்கிறது. கிரேஸ்கேல் டிக் அப்படியே இருக்கும். வருவது கூட்டுச் சாம்பல்.

உங்கள் பிரிண்டரில் கருப்பு எந்த இனம் என்று மை பாட்டில் மேலோ கையேட்டிலோ போட்டிருக்கும். அதை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. நாலும் டை என்றால் குளோஸி பேப்பரிலும் கருப்பு சேரும், கருப்பு மட்டும் பிக்மெண்ட் என்றால் பளபளப்பில்லாத மேட் பேப்பர் பக்கம் போவது கருப்பு வெள்ளைக்குப் பாதுகாப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கலர் போட்டோவைக் கருப்பு வெள்ளையாக்கும் வேலையைப் பிரிண்டரிடம் விடாதீர்கள். சிவப்புச் சேலையும் பச்சைத் தென்னையும் கலரில் தனித்தனியாகத் தெரியும், கலரை எடுத்ததும் இரண்டும் ஒரே சாம்பலாகி ஒன்றோடொன்று ஒட்டிவிடலாம். போனிலோ கம்ப்யூட்டரிலோ போட்டோ செயலியில் நீங்களே மாற்றி, எது வெளுப்பாக எது அடர்வாக இருக்க வேண்டும் என்று பார்த்துச் சரிசெய்த பிறகு பிரிண்டுக்கு அனுப்புங்கள்.

பேப்பர் டைப்: பிரிண்டரிடம் பொய் சொல்லக்கூடாத இடம்

செட்டிங்கில் ஒன்றே ஒன்றைத்தான் கவனிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைக் கவனியுங்கள். சில பிரிண்டரில் 'பேப்பர் டைப்' என்றும் சிலதில் 'மீடியா டைப்' என்றும் இருக்கும். பார்க்க ஒரு சின்னப் பட்டியல். அதில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே மூன்று விஷயம் ஒரே சமயத்தில் மாறுகிறது: எவ்வளவு மை ஊற்றுவது, எந்த மைகளை எந்த விகிதத்தில் கலப்பது, சில பிரிண்டர்களில் மை தெளிக்கும் ஹெட் பேப்பரிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஓடுவது. சாயப்பட்டறையில் ஒவ்வொரு துணிக்கும் ஒரு ரெசிப்பி இருக்கிறதல்லவா, பருத்திக்கு ஒன்று, விஸ்கோஸுக்கு ஒன்று? பேப்பர் டைப் என்பது அந்த ரெசிப்பி.

பிளெயின் பேப்பர் ரெசிப்பியை வைத்துக்கொண்டு போட்டோ பேப்பரில் அடித்தால் மை குறைவாக விழும், கருப்பு கருப்பாக வராமல் கரி படிந்த சாம்பலாக நிற்கும், படம் சோகை பிடித்த மாதிரி இருக்கும். மாற்றிச் செய்தால், அதாவது போட்டோ பேப்பர் ரெசிப்பியைச் சாதாரணப் பேப்பரில் அடித்தால், மை குளமாகத் தேங்கிப் பேப்பர் அலையலையாக நெளியும், நிழல் பகுதியில் இருக்கும் விவரமெல்லாம் ஒரே கருப்பாக மூழ்கிவிடும்.

கோயமுத்தூர், ஈரோடு ஸ்டேஷனரிக் கடைகளில் 'போட்டோ பேப்பர் குளோஸி 180 ஜி.எஸ்.எம்' என்று பாக்கெட்டாகக் கொடுப்பார்களே, அதைத்தான் நம்மில் பெரும்பாலானோர் வாங்குகிறோம். ஜி.எஸ்.எம் என்பது ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை கிராமில், அது கனத்தைச் சொல்லும், மை எப்படி உட்காரும் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது மேல்பூச்சு. ஒரு தாளின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். சாதாரணக் காகிதம் போலக் கிழிந்தால் அது நேராகக் காகிதத்தின் மேல் பூச்சு போட்டது. பிளாஸ்டிக் தோல் மாதிரி இழுபட்டுக் கிழிந்தால் அது ஆர்.சி பேப்பர், காகிதத்தின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியது, ஸ்டுடியோ பிரிண்ட் மாதிரி இருக்கும். முதல் வகைக்குப் பட்டியலில் சாதாரண 'போட்டோ பேப்பர் குளோஸி'யும், ஆர்.சி வகைக்கு 'பிரீமியம் குளோஸி' மாதிரி வரும் வரியும் பெரும்பாலும் ஒத்துவரும். சந்தேகமென்றால் இரண்டிலும் ஒவ்வொரு துண்டு அடித்துப் பாருங்கள், கீழே அதற்கு வழி சொல்கிறேன்.

ரெசிப்பி என்று சொல்லிவிட்டதால் மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிண்டரில் இருக்கும் ரெசிப்பி அந்தக் கம்பெனி மைக்கும் அந்தக் கம்பெனி பேப்பருக்கும் எழுதியது. வேறு கம்பெனிச் சாயத்தை அதே ரெசிப்பியில் போட்டால் ஷேட் விலகும் என்பதைச் சாயத்தொழிலில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலை குறைந்த மையில் கலர் படம் பரவாயில்லாமல் வந்துவிடும், கருப்பு வெள்ளைதான் உடனே காட்டிக்கொடுக்கும். வேறு மையே பயன்படுத்தக்கூடாது என்று சொல்லவில்லை. பயன்படுத்தினால் கீழே வரும் திருத்தும் வேலை கட்டாயம் தேவைப்படும்.

குவாலிட்டி, வேகம், டி.பி.ஐ

இதற்குத்தான் எல்லோரும் அதிக மரியாதை கொடுக்கிறார்கள், உண்மையில் சீக்கிரம் முடியும் விஷயம். குவாலிட்டியை 'ஹை'யில் வையுங்கள், அதற்கு மேல் ஒன்று இருந்தாலும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 'ஹை ஸ்பீட்' அல்லது 'பைடைரக்‌ஷனல்' என்று ஒரு டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். தறியில் நாடா போகும்போதும் வரும்போதும் ஊடை விழுவது போல, அந்த டிக் இருந்தால் ஹெட் இரண்டு பக்கமும் போகும்போது மை தெளிக்கும். துளி ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் கோடுகள் மங்கும், சீரான சாம்பல் பரப்பில் பட்டை பட்டையாகத் தெரியும். எடுத்துவிட்டால் நேரம் கூடும், பரவாயில்லை.

பெட்டியில் 5760 x 1440 டி.பி.ஐ என்று போட்டிருக்கும். அது ஒரு அங்குலத்துக்குள் மைத்துளிக்கு எத்தனை இடம் என்ற கணக்கு. படத்தில் அத்தனை புள்ளி இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை, ஏனென்றால் ஒரே ஒரு சாம்பல் சாயலைக் காட்டவே பிரிண்டருக்கு நிறையத் துளிகள் வேண்டும். படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் போதும். 4 x 6 அங்குலப் பிரிண்டுக்கு 1200 x 1800 பிக்சல், ஏ4 முழுசுக்கு ஏறக்குறைய 2480 x 3508. சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் வழியில் சுருங்கி வந்திருக்கும், அதை ஏ4-க்கு இழுத்துவிட்டுப் பிரிண்டரைக் குறை சொல்ல முடியாது. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கலர் யார் கையில்?

கம்ப்யூட்டரிலிருந்து போட்டோஷாப் மாதிரி மென்பொருள் வழியாகப் பிரிண்ட் போடுபவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. பிரிண்ட் திரையில் 'பிரிண்டர் கலரைப் பார்த்துக்கொள்ளட்டும்' என்றும் 'மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும்' என்றும் இரண்டு வழி இருக்கும். மென்பொருள் பார்த்துக்கொள்வது என்றால் அதற்கு ஐ.சி.சி புரொஃபைல் வேண்டும், அதாவது இந்தப் பிரிண்டர், இந்த மை, இந்தப் பேப்பர் மூன்றும் சேர்ந்தால் எந்த நிறம் எப்படி விழும் என்று அளந்து எழுதிய கோப்பு.

எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், இரண்டையும் சேர்த்து மட்டும் வைக்காதீர்கள். அரிசிம்பருப்புக்கு அம்மா ஒரு தடவை உப்புப் போட்டு, தெரியாமல் அக்காவும் ஒரு தடவை போட்டால் என்ன ஆகும்? மென்பொருள் ஒரு தடவை நிறத்தைத் திருத்தி அனுப்பியதைப் பிரிண்டர் மறுபடி திருத்தினால் அதே கதைதான், பெரும்பாலும் மஜெந்தா சாய்ந்து அடர்ந்துபோய் வரும். உங்கள் பேப்பருக்கு என்று புரொஃபைல் இல்லாதவரை பிரிண்டரிடமே விட்டுவிடுங்கள். ஆரம்பிப்பவர்களுக்கு அதுவே நல்லது.

இதுவரை பார்த்தது: பேப்பர் டைப் உண்மையாக இருக்கட்டும், குவாலிட்டி ஹை, இருவழி ஓட்டம் வேண்டாம், கலர் ஒருவர் கையில் மட்டும். இத்தனையும் சரியாக இருந்தும் நிறம் சாய்ந்தால்தான் அடுத்த வேலை.

துண்டு அடித்துப் பார்ப்பது

ஏ4 தாளில் முழுப் படத்தையும் போட்டுப் போட்டுப் பார்த்து மையை வீணாக்க வேண்டாம். லேப் டிப் மாதிரி சின்னதாக ஒரு துண்டு போதும்.

முதலில் நாசில் செக். ஹெட்டில் இருக்கும் நுண்ணிய ஓட்டைகள் எல்லாம் மை தெளிக்கின்றனவா என்று காட்டும் கோடுகளைப் பிரிண்டரே அடித்துக் கொடுக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பத்து நாள் சும்மா கிடந்த பிரிண்டரில் மஜெந்தா ஓட்டை ரெண்டு அடைத்திருந்தால், நீங்கள் எந்தச் செட்டிங் மாற்றினாலும் சாம்பல் பச்சைதான் அடிக்கும். கோடு விட்டுப்போயிருந்தால் ஹெட் கிளீனிங் ஒரு தடவை கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். திரும்பத் திரும்பக் கொடுத்தால் மை நிறையச் செலவாகும், இடையில் சில மணி நேரம் விட்டுப் பார்ப்பது நல்லது.

அப்புறம் ஒரு சாம்பல் படிக்கட்டு. வெள்ளையிலிருந்து கருப்பு வரை ஐந்து ஐந்து சதவீதமாக ஏறும் 21 கட்டங்கள், எந்தப் போட்டோ மென்பொருளிலும் வரைந்துகொள்ளலாம். அதோடு உங்கள் படத்திலிருந்து முக்கியமான ஒரு பகுதியை வெட்டிப் பக்கத்தில் வையுங்கள். நான் எடுத்துக்கொண்டது காளையின் திமிலும் வயிறும். மயிலைக் காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்திருக்கும், அங்கிருந்து விலாவுக்கு இறங்க இறங்க வெளுத்து, வயிற்றில் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். ஒரே உடம்பில் இருக்கும் சாம்பல் படிக்கட்டு அது, சோதித்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான படம் எனக்குக் கிடைத்திருக்காது.

துண்டைப் பார்க்கும்போது கருப்பு முனையைப் பாருங்கள். 85, 90, 95, 100 நான்கும் தனித்தனியாகத் தெரிகிறதா? கடைசி நாலைந்து கட்டமும் ஒட்டிக்கொண்டிருந்தால் மை அதிகம், பேப்பர் டைப்பை மாற்றிப் பாருங்கள். 100 என்று போட்ட கட்டமே நல்ல கருப்பாக இல்லையென்றால் மை குறைவு, அதற்கும் பேப்பர் டைப்தான் முதல் சந்தேகம். மேட் பேப்பரில் கருப்பு எப்போதும் குளோஸி அளவுக்கு ஆழமாக இருக்காது, அது பேப்பரின் குணம், செட்டிங்கால் மாற்ற முடியாது.

எல்லாக் கட்டமும் சரியாக இருந்தும் படம் மட்டும் இருட்டாக இருந்தால் தவறு பெரும்பாலும் திரையில். லேப்டாப்பும் போனும் தாமே ஒளி விடுபவை, பேப்பரோ தன் மேல் விழுந்த வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு படத்தைத் திருத்துங்கள். நான் பாதிக்கும் கீழே இறக்க வேண்டியிருந்தது.

பச்சை அடித்தால், சிவப்பு அடித்தால்

துண்டை உடனே பார்த்து முடிவு செய்யாதீர்கள், மை காயக் காய நிறம் கொஞ்சம் நகரும். ஒரு நாள் விட்டு, படம் மாட்டப்போகும் சுவருக்கே எடுத்துப் போய், அங்கே எரியும் விளக்கில் பாருங்கள். ஹாலில் மாட்டும் படத்துக்குத் திண்ணை வெயில் தீர்ப்பு சொல்லக்கூடாது. பகலிலும் ராத்திரியிலும் பார்க்கும் இடமென்றால் இரண்டிலும் பார்த்து நடுவில் ஒன்றைப் பிடியுங்கள்.

பிரிண்டர் செட்டிங்கில் 'கலர் கரெக்‌ஷன்' என்ற இடத்தில் 'கஸ்டம்' அல்லது 'மேனுவல்' தேர்ந்தெடுத்தால் சயான், மஜெந்தா, மஞ்சள் என்று மூன்று தள்ளுகோல்கள் வரும். கிரேஸ்கேல் டிக் போட்டிருந்தால் பல பிரிண்டரில் இவை மறைந்துவிடும், அதனால் இந்த வேலைக்குக் கலர் முறையில் வைத்து, கருப்பு வெள்ளையாக்கிய படத்தை அனுப்ப வேண்டும். பச்சை அடித்தால் மஜெந்தாவைக் கூட்டுங்கள். சிவப்பு அடித்தால் சயானைக் கூட்டுங்கள். நீலம் அடித்தால் மஞ்சள். ஒரு தடவைக்கு ஒரு மை, அதுவும் இரண்டு மூன்று புள்ளிதான். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பென்சிலில் என்ன வைத்தோம் என்று எழுதுங்கள், எழுதாவிட்டால் நாலாவது துண்டில் எது எது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும்.

மெட்டமெரிசத்தை மட்டும் தள்ளுகோலால் ஒழிக்க முடியாது, ஒரு விளக்குக்குச் சரிசெய்தால் இன்னொரு விளக்கில் எட்டிப் பார்க்கும். அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்: படத்துக்கு நாமே லேசாக ஒரு பழுப்புச் சாயல் கொடுத்துவிடுவது. சுத்தமான சாம்பலில் கொஞ்சம் பச்சை கலந்தால் கண் உடனே பிடித்துவிடும், ஏற்கெனவே இளம்பழுப்பாக இருக்கும் படத்தில் அதே அளவு விலகல் கண்ணில் படாது. கடையில் தரும் 'சீபியா' பொத்தான் அளவுக்கு டீ டிகாக்‌ஷன் நிறமாக்க வேண்டாம், தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும்.

எந்தப் பிரிண்டருக்கு எது

நாலு மை, கருப்பு பிக்மெண்ட் என்றால்: மேட் போட்டோ பேப்பர், பேப்பர் டைப் மேட், கிரேஸ்கேல் டிக். கொஞ்சம் பொரி தெரியும், நிறம் நிற்கும். பெரிய பிரிண்டாகப் போட்டுத் தள்ளி நின்று பார்த்தால் பொரியும் தெரியாது. அதே பிரிண்டரில் குளோஸிதான் வேண்டுமென்றால் கலர் முறையில் வைத்து மேலே சொன்ன மாதிரி திருத்துங்கள்.

எல்805, எல்8050 மாதிரி ஆறு மைப் பிரிண்டர் என்றால் அதில் கூடுதலாக இருப்பவை வெளிர் சயானும் வெளிர் மஜெந்தாவும். முகம், வானம் எல்லாம் பொரியே இல்லாமல் வரும், ஆனால் சாம்பல் மை அதிலும் இல்லை, அதனால் நடுநிலை பிடிப்பது மைக்கும் பேப்பருக்கும் உள்ள பொருத்தத்தைப் பொறுத்தது. இதற்கும் கலர் முறை, திருத்தம், லேசான பழுப்பு.

கருப்பு வெள்ளைதான் அதிகம் போடுவேன் என்று சொல்லிப் புதிதாக வாங்குபவர்கள் சாம்பல் மை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு விலையில் கேனன் ஜி570, எப்சன் எல்8180 போன்றவற்றில் சாம்பல் மை ஒன்று உண்டு. தொழில்முறைப் பிரிண்டர்களில் இது பழைய சங்கதி. எப்சன் 2005-இல் கொண்டுவந்த அல்ட்ராகுரோம் கே3 மை வரிசையில் கருப்போடு இரண்டு அடர்த்தியில் வெளிர் கருப்பும் இருந்தது, கூடவே 'அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்' என்று தனி முறையும் வந்தது. அந்த முறை கலர் மையை மிகக் குறைவாகத் தொட்டு, சாம்பல் மைகளையே பெரும்பாலும் பயன்படுத்துகிறது, அதனால் விளக்கு மாறினாலும் நிறம் அதிகம் ஓடுவதில்லை. உங்கள் ஊர் ஸ்டுடியோவில் அப்படி ஒரு பிரிண்டர் இருந்து, மாட்டப்போவது ஒரே ஒரு முக்கியமான படம் என்றால், அங்கே போய் அந்த முறையில் போட்டுத் தரச் சொல்வதே மலிவு.

அப்பாரு படத்துக்குக் கடைசியில் வைத்தது

என் பிரிண்டர் நாலு மை, கருப்பு பிக்மெண்ட். குளோஸியில் மூன்று துண்டு அடித்தேன். மஜெந்தாவை இரண்டு புள்ளி கூட்டியதில் பகலில் பச்சை போனது, ராத்திரி சிவப்பு இன்னும் கூடியது. நாலாவதாக மேட் பேப்பருக்கு மாறி, பேப்பர் டைப்பை மேட்டாக்கி, கிரேஸ்கேல் டிக் செய்து, ஹை குவாலிட்டியில் இருவழி ஓட்டத்தை எடுத்துவிட்டுப் போட்டேன். திமிலின் கருப்பு குளோஸியில் இருந்த ஆழத்துக்கு வரவில்லை. அப்பாருவின் வேட்டியில் பொரி கொஞ்சம் இருக்கிறது, அரை அடியில் பார்த்தால் தெரியும். ஆனால் மஞ்சள் விளக்கிலும் திண்ணை வெளிச்சத்திலும் காளை மயிலையாகவே இருக்கிறது. ஒரு நாள் காயவிட்டு, கண்ணாடி நேராகப் படத்தில் ஒட்டாமல் இருக்க நடுவில் மவுண்ட் அட்டை வைத்து, ஜன்னல் வெயில் படாத கிழக்குச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.